"புரிந்தது" என்று சொல்வதற்கு முன்

1989 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.30 மணி தாண்டியிருந்தது. சிலாங்கூரில் அந்த நேரத்தில் இன்னும் இருட்டுதான். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு போயிங் 747 சரக்கு விமானம் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 66ஆம் எண் பயணம். விமானத்தில் இருந்தவர்கள் 4 பேர். ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம்தான். அந்த விமானம் ஓடுபாதைக்கு வந்து சேரவில்லை. பூச்சோங் அருகே இருந்த ஒரு குன்றின் மீது மோதி எரிந்தது. 4 பேரும் இறந்தனர்.

இது நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த விபத்து. கிள்ளானில் வளர்ந்த நான் பூச்சோங் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு சம்பவம் நடந்தது எனக்குத் தெரியாது. கடந்த பருவத்தில் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புப் பாடத்திற்கு ஓர் இடுபணி கொடுத்தார்கள். தவறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்த ஒரு பாதிப்பை ஆராய வேண்டும். தேடியபோது கண்ணில் பட்டதுதான் இந்த விபத்து. படித்து முடித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விமானிகளை நினைத்து மட்டுமல்ல, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் பாட்டியை நினைத்தும்தான். பாட்டி எப்படி இதற்குள் வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு குறிலும் ஒரு நெடிலும்

விமானம் பாதுகாப்பாக இறங்கியிருக்க வேண்டிய உயரம் 2,400 அடி. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த உத்தரவும் அதுதான். "டிசெண்ட், டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்றார் கட்டுப்பாட்டாளர். இரண்டு, நான்கு, பூஜ்யம், பூஜ்யம் அளவுக்கு இறங்கு என்று பொருள்.

விமானி அறையில் அது வேறு மாதிரி கேட்டது. "டூ" என்ற எண்ணை, "வரைக்கும்" என்ற பொருள் தரும் "டு" என்ற சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். அதாவது "நான்கு, பூஜ்யம், பூஜ்யம் வரைக்கும் இறங்கு." 2,400 அடி ஒரே நொடியில் 400 அடி ஆகிவிட்டது. விமானி திருப்பிச் சொன்ன பதில், "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ."

தமிழில் எழுதிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஒன்று குறில், மற்றது நெடில். கல் வேறு, கால் வேறு என்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே படித்துவிட்டோம். ஆனால் ஆங்கிலத்தில் வேகமாக, வானொலியின் இரைச்சலுக்கு நடுவே கேட்கும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

விமானம் மோதிய இடம் கடல் மட்டத்திலிருந்து 437 அடி உயரத்தில் இருந்தது. 2,400 அடியில் பறந்திருந்தால் அந்தக் குன்றுக்கு மேலே எவ்வளவோ தூரத்தில் கடந்து போயிருக்கும்.

ஒரு சொல் மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதினால் அது நேர்மையாக இருக்காது. எந்த முறையில் தரையிறங்குவது என்பதிலேயே விமானி அறையில் குழப்பம் இருந்தது. தரையிறங்குவதற்கான வரைபடம் தன் முன்னால் இல்லை, அதைத் தான் பார்க்கவே இல்லை என்று துணை விமானி சொன்னது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருக்கிறது. தரை நெருங்குகிறது, மேலே ஏறு என்று எச்சரிக்கைக் கருவி திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தது. யாரும் அதன்படி செயல்படவில்லை. இன்று விமானிகளுக்குத் தரும் பயிற்சியில், அந்தக் கருவி ஒலித்தால் முதலில் மேலே ஏற வேண்டும், காரணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஆனாலும் என்னை உறுத்தியது அந்தத் திருப்பிச் சொல்லல்தான். விமானி "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று சொன்னபோது, முன்னால் இருக்க வேண்டிய "டூ" இல்லை. தவறு வெளிச்சத்துக்கு வந்த நொடி அது. கட்டுப்பாட்டாளர் அதைப் பிடிக்கவில்லை. சொன்னவருக்கும் புரிந்துவிட்டது என்று நம்பிக்கை, கேட்டவருக்கும் புரிந்துவிட்டது என்று நம்பிக்கை. இருவர் நம்பியதும் வேறு வேறு.

கீழே இருப்பவர்கள்

அந்த விமானம் விழுந்தது குன்றின் மீது. ஊரின் நடுவே விழுந்திருந்தால்?

அதற்கும் உலகத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1992 அக்டோபர் 4 அன்று நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், எல் அல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று புறப்பட்ட சிறிது நேரத்தில் வலப்பக்க இறக்கையின் 2 இயந்திரங்களையும் இழந்தது. திரும்பி வந்து தரையிறங்க முயன்றபோது பைல்மர்மேர் என்ற குடியிருப்புப் பகுதியின் அடுக்குமாடி வீடுகள் மீது விழுந்தது. இறந்தவர்கள் 43 பேர். அவர்களில் விமானத்தில் இருந்தவர்கள் 4 பேர் மட்டுமே. மற்ற 39 பேரும் அந்தக் குடியிருப்பில் இருந்தவர்கள். சுரிநாம், கானா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் நிறைய வாழ்ந்த இடம் அது. ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் இருந்தவர்கள். அந்த விபத்துக்குக் காரணம் சொல் அல்ல, இயந்திரத்தை இறக்கையோடு இணைக்கும் பகுதியில் ஏற்பட்ட முறிவு. ஆனால் மேலே நடக்கும் ஒரு தவறுக்குக் கீழே இருப்பவர் எப்படி விலை கொடுக்கிறார் என்பதை அது காட்டிவிட்டது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கும் இன்று அப்படித்தான் நெருக்கமாகிவிட்டது. எல்மினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 செப்டம்பர் 27 அன்று சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று எல்மினா தோட்டத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 34 பேர் இறந்தனர். அன்று அது ரப்பர் தோட்டம். 2023 ஆகஸ்ட் 17 அன்று லங்காவியிலிருந்து சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறிய ஜெட் விமானமும் அதே எல்மினாவில்தான் விழுந்தது. ஆனால் இப்போது அங்கே தோட்டம் இல்லை, நகரமும் நெடுஞ்சாலையும் இருந்தன. விமானத்தில் இருந்த 8 பேரோடு, சாலையில் ஒரு காரிலும் ஒரு மோட்டார் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்த 2 பேரும் இறந்தனர். அந்த இருவருக்கும் அந்த விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

1965 முதல் 1998 வரை தலைநகரின் முதன்மை விமான நிலையமாக இருந்த சுபாங் இன்றும் இயங்குகிறது. 2024இல் ஜெட் பயணிகள் சேவையும் அங்கே மீண்டும் தொடங்கியது. பூச்சோங், சுபாங் ஜெயா, ஷா ஆலம் எங்கும் வீடுகள், பள்ளிகள், கடைவரிசைகள். மேலே பேசிக்கொள்பவர்கள் இருவர். அந்தப் பேச்சைக் கேட்காமல் கீழே வாழ்பவர்கள் ஆயிரக்கணக்கானோர்.

இங்கேதான் எனக்குப் பாட்டி நினைவுக்கு வந்தார்.

"ஃபஹாம், ஃபஹாம்"

அப்போது எனக்கு 13 வயது. தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிது. மலாய் எழுதுவேன், படிப்பேன். ஆனால் யாராவது வேகமாகப் பேசினால் பாதி போய்விடும். பள்ளி விடுமுறைக்குப் பிரிக்பீல்ட்ஸில் பாட்டி வீட்டில் தங்கியிருந்தேன். பாட்டிக்குக் கால் வீக்கம். கிளினிக்குக்குத் துணையாக என்னை அழைத்துப் போனார். அப்பா லோரியில் ஈப்போ போயிருந்தார், அம்மாவுக்கும் வேலை. "நீதான் படிக்கிற புள்ளை, நீ வா கண்ணு" என்றார் பாட்டி. எனக்குப் பெருமையாக இருந்தது.

மருந்து கொடுக்கும் முகப்பில் இருந்தவர் ஒரு புதிய மாத்திரையைக் காட்டி, "செலாங் செஹாரி" என்றார். "செஹாரி" என்றால் ஒரு நாள் என்று எனக்குத் தெரியும். "செலாங்" என்ற சொல் எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "ஃபஹாம்?" என்று கேட்டார். "ஃபஹாம், ஃபஹாம்" என்று தலையாட்டிவிட்டு மருந்து உறையை வாங்கிக்கொண்டேன். உறையின் மேலும் அதேதான் எழுதியிருந்தது.

பாட்டி கேட்டார், "என்னா சொன்னாங்க?"

"தினமும் ஒன்னு பாட்டி" என்றேன்.

"செலாங் செஹாரி" என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். உடம்பில் சேரும் நீரை வெளியேற்றும் மாத்திரை அது. நான் சொன்னபடியே பாட்டி தினமும் தவறாமல் போட்டுக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். மருத்துவமனையில் 4 நாள் இருந்தார். உடம்பில் நீரும் உப்பும் குறைந்துவிட்டது என்றார்கள். மாத்திரையை எப்படிப் போட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, பாட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மருந்து கொடுத்தவர் சரியாகத்தான் சொன்னார். உறையிலும் சரியாகத்தான் எழுதியிருந்தது. இடையில் இருந்தது நான். "அந்தச் சொல் எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று ஒரு வாக்கியம் பேச எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தின் விலையைக் கொடுத்தது நான் அல்ல, பாட்டி.

நாம் ஏன் மறுபடி கேட்பதில்லை?

நம்மில் பலர் 3 மொழிகளுக்கு நடுவே வளர்கிறோம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பயம் கூடவே வருகிறது. வாயைத் திறந்தால் நம் மொழி இவ்வளவுதான் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் "புரிந்ததா?" என்று கேட்டால், "புரிந்தது ஆசிரியர்!" என்று ஒரே குரலில் சொல்வோம். இடைநிலைப்பள்ளியில் "ஃபஹாம், சிக்கு!" ஆனது. இப்போது விரிவுரை மண்டபத்தில் ஒரு தலையசைப்பு. மொழி மாறியது, பழக்கம் மாறவில்லை.

"புரிந்ததா?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் மரியாதையான பதில் என்று நாம் பழகிவிட்டோம். அதனால் அந்தக் கேள்வி எதையும் சோதிப்பதில்லை.

வானம் கற்றுக்கொண்ட பாடம்

விமானத்துறை இந்தப் பாடத்தை நிறைய உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு 747 விமானங்கள் மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். ஒரு விமானி தாம் புறப்படுவதாகச் சொன்னதற்குக் கட்டுப்பாட்டாளரின் பதில் "ஓகே" என்று தொடங்கியது. அதன் பிறகு அவர் சொன்ன முக்கியமான எச்சரிக்கை வானொலி இரைச்சலில் தெளிவாகக் கேட்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே "டேக் ஆஃப்" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா விமானம், இறங்க இடம் கிடைக்காமல் ஒரு மணி நேரத்திற்கு மேல் வானில் காத்திருந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர். எரிபொருள் குறைகிறது என்று விமானிகள் சொன்னார்கள். ஆனால் "அவசரநிலை" என்ற சொல்லைக் கோபுரத்திடம் அவர்கள் சொல்லவே இல்லை.

1996 நவம்பர் 12 அன்று டில்லிக்கு அருகே, சர்க்கி தாத்ரி என்ற இடத்திற்கு மேலே சவூதி விமானம் ஒன்றும் கசகஸ்தான் விமானம் ஒன்றும் வானிலேயே மோதி 349 பேர் இறந்தனர். கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் இருக்க வேண்டியது, அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அதில் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேசியவர் வானொலி இயக்குநர். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. இதைப் படித்தபோது நான் அந்த மருந்து முகப்பில் மறுபடியும் நின்றதுபோல் இருந்தது. கேட்பவர் ஒருவர், அதன்படி நடப்பவர் இன்னொருவர். இடையில் ஒரு சொல் நழுவுகிறது.

இவற்றிலிருந்து வந்த முறைகள் எளிமையானவை. முதலாவது, முக்கியமான உத்தரவைக் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் "ஓகே" போதாது. இரண்டாவது, சொன்னவர் அந்தப் பதிலைக் காது கொடுத்துக் கேட்டு, தவறு இருந்தால் உடனே திருத்த வேண்டும். மூன்றாவது, எண்களைக் குழப்பமில்லாமல் சொல்ல வேண்டும். 2,400 அடியை "இரண்டாயிரத்து நானூறு" என்றே சொல்வது உலக நடைமுறை. "நைன்" என்பது "ஃபைவ்" போலக் கேட்கக்கூடாது என்பதற்காக விமானிகள் "நைனர்" என்கிறார்கள். சந்தேகம் வந்தால் "சே அகேன்", அதாவது "மறுபடி சொல்" என்று கேட்க வேண்டும். 30 ஆண்டு அனுபவம் உள்ள விமானியும் கேட்பார், நேற்றுச் சேர்ந்தவரும் கேட்பார். யாரும் சிரிப்பதில்லை.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அனைத்துலகப் பயணங்களில் பணியாற்றும் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் குறிப்பிட்ட ஆங்கிலத் தகுதியைக் காட்ட வேண்டும் என்று அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் விதி வகுத்தது. 6 நிலைகளில் குறைந்தது 4ஆம் நிலை வேண்டும். அந்த 4ஆம் நிலை என்ன கேட்கிறது தெரியுமா? தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், அது சில வேளைகளில் மட்டுமே புரிவதற்கு இடைஞ்சலாக இருக்கலாம், அவ்வளவுதான். தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று தோன்றினால், கேட்டு, சரிபார்த்து, தெளிவுபடுத்திக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, மறுபடி கேட்பது மொழி தெரியாததன் அடையாளம் அல்ல, அது மொழித் தேர்ச்சியின் ஒரு பகுதி. அதற்கு மதிப்பெண்ணே உண்டு.

13 வயதில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், நண்பர்களே.

நாளை வகுப்பில்

நாம் எல்லாரும் விமானிகள் ஆகப் போவதில்லை. ஆனால் உங்களில் தாதியர் ஆகப் போகிறவர்கள் இருக்கிறீர்கள், மின் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், லோரி ஓட்டப் போகிறவர்களும் ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். நாம் ஒவ்வொருவரும் ஏற்கெனவே வீட்டில் யாருக்கோ மொழிபெயர்ப்பாளர்தான். தாத்தாவின் வங்கிக் கடிதம், அம்மாவின் மின்கட்டண அறிவிப்பு, பாட்டியின் மருந்துச் சீட்டு எல்லாம் நம் வாய் வழியாகத்தான் போகின்றன.

நான் இப்போது மூன்று பழக்கங்களை வைத்திருக்கிறேன். "புரிந்தது" என்று சொல்வதற்குப் பதிலாக, கேட்டதை என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன்: "திங்கள் போட்டால் அடுத்தது புதன், சரிதானே?" ஒரு சொல் தெரியாவிட்டால், அந்தச் சொல்லையே சுட்டிக் கேட்கிறேன். பொதுவாக "புரியவில்லை" என்று சொல்வதைவிட "இந்தச் சொல் மட்டும் தெரியவில்லை" என்று கேட்பது எனக்கும் எளிது, சொல்பவருக்கும் எளிது. என்னிடம் யாராவது கேட்டால், "புரிந்ததா?" என்று முடிப்பதில்லை. "நீங்கள் எப்படிச் செய்யப் போகிறீர்கள், சொல்லுங்கள்" என்கிறேன். முதல் முறை நாக்கு கூசும். மூன்றாவது முறை பழகிவிடும்.

இடுபணியைப் படைத்த நாளில், வகுப்பில் முதலில் அந்த உத்தரவை ஆங்கிலத்தில் ஒரு முறை வேகமாகச் சொல்லி, எத்தனை அடி என்று எழுதச் சொன்னேன். சிலர் 2,400 என்று எழுதினார்கள். சிலர் 400 என்று எழுதினார்கள். ஒரே ஒருவர்தான் கையை உயர்த்தி, "இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அன்று அந்த வகுப்பில் நல்ல விமானி அவர்தான் என்று சொன்னேன்.

பாட்டி இப்போது நலமாக இருக்கிறார். போன மாதம் அவரை மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். புதிய மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். நான் இரண்டு முறை கேட்டேன், திருப்பிச் சொன்னேன். முகப்பில் இருந்தவர் சிரித்தபடி சரி என்றார். பின்னால் வரிசை அன்றும் நீளமாகத்தான் இருந்தது. வெளியே வந்து பாட்டியிடம் விளக்கினேன்.

"காலையில சாப்பிட்ட பிறகு பாதி, ராத்திரி வேணாம்" என்று அவரே திருப்பிச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சரியா? இல்ல, திரும்பவும் உள்ள போயி கேட்டுட்டு வரியா?" என்றார்.

உள்ளே போய் மறுபடியும் கேட்டுவிட்டு வந்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.